ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து பிள்ளையைத் தூக்கியது யார் என்பது குறித்து

அனுப்புநர்:
எர்மெசின்,
மொன்ரிவால் சீமைப் பிரபு கோபெர்ட் அவர்களின் மகள்,
மொன்ரிவால் கோட்டை,
ஓர்ஸ் ஆற்றங்கரை.

பெறுநர்:
நீதி நடுவர் அவர்கள்,
ஆயர் பெருமானின் நீதிமன்றம்,
ஆர்வென் நகரம்.

பொருள்: சலவைக்காரி ஓடீனின் ஆண்பிள்ளைக்கு ஞானத்தாய் ஆனது நான் அல்ல, என் சித்தியின் மகள் பெரோனெல்தான் என்று தீர்ப்பளித்து, எனக்கு நிச்சயிக்கப்பட்டவரை அவள் மணப்பதைத் தடுக்க வேண்டுதல்.

வணக்கத்துக்குரிய தந்தையே,

1. நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் எழுத்துக் கற்றுக்கொண்டிருந்தபோது என் தாயார் இறந்தார். படிப்பைப் பாதியில் நிறுத்தி என்னை வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டார்கள். ஆகவே இம்மனுவில் காணும் பிழைகளைத் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நேரில் வந்து சொல்வதே முறை என்பதை அறிவேன். ஆனால் பெரியவர்கள் முன்னால் நின்றால் எனக்கு நா எழுவதில்லை. எழுதும்போது கொஞ்சம் எழுகிறது.

2. என் தந்தையார் பிரபு கோபெர்ட் அவர்களுக்கு, அரசருக்காகப் போரிட்ட ஒரு முற்றுகையில், மதில் இடிந்து விழுந்து இடது காது கேட்காமல் போனது. வலது காதும் அரைகுறைதான். என் குரல் அவருக்கு எட்டுவதில்லை. என் தாயார் இருந்தவரை நான் சொல்வதை அவர் கேட்டு, தந்தையாரிடம் உரக்கச் சொல்வார். தாயார் போன மறு ஆண்டு, தந்தையார் விதவையான ஹவிஸ் சீமாட்டியை மணந்தார். என் சித்தியான அவர் தம் முதல் கணவருக்குப் பிறந்த மகளையும் அழைத்துவந்தார். அவள்தான் பெரோனெல். என்னைவிட ஒரு வயது மூத்தவள்.

3. பெரோனெல்லின் குரல் மணி போன்றது. தந்தையாருக்கு அது தெளிவாகக் கேட்கும். இதில் அவள் குற்றம் ஒன்றுமில்லை என்பதை நியாயமாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றிலிருந்து நான் வாயைத் திறந்தால் என் தந்தையார் சொல்வது இதுதான்: "என்னம்மா முணுமுணுக்கிற? பெரோனெல்லைக் கூப்பிடு, அவ சொல்லட்டும்." அவள் வருவாள். நான் அவள் காதில் சொல்வேன். அவள் சிரித்துக்கொண்டே தந்தையாரிடம் சொல்வாள். எனக்குக் குளிர்காலப் போர்வை வேண்டும் என்பதைக்கூட அவள்தான் கேட்டு வாங்கித் தந்தாள். போர்வை கிடைத்தது, அதற்கு முத்தம் அவளுக்குக் கிடைத்தது. என் தாயாரின் பெண்குதிரை, வேட்டைக்குப் போகும்போது தந்தையாரின் வலப்பக்க இடம், பந்தியில் அவர் தம் கையால் அறுத்துக் கொடுக்கும் முதல் துண்டுக் கறி, எல்லாம் இப்படித்தான் அவளிடம் போயின. இவற்றுக்காக நான் மனு எழுதவில்லை. என்னிடமிருந்து எடுப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன். வழக்கின் உயிர் அந்த வழக்கத்தில்தான் இருக்கிறது.

4. எனக்கு ஏழு வயதில், ஆற்றுக்கு அக்கரையிலுள்ள சென்மார் கோட்டையின் வாரிசான தியெரிக்கு என்னை நிச்சயம் செய்தார்கள். சென்மார் பாலம் இரு வீட்டாருக்கும் பொதுவாக வேண்டும் என்பதே காரணம். தியெரி அப்போது பன்னிரண்டு வயதுப் பையன். கோயில் வாசலில் என் விரலில் மோதிரம் போட்டார். அது பெரிதாக இருந்ததால் என் தாயார் உள்பக்கம் நூல் சுற்றிக் கொடுத்தார். வளர வளர நூலைக் குறைத்துக்கொண்டே வந்தேன். இன்னும் கொஞ்சம் நூல் மிச்சமிருக்கிறது.

5. போன அறுவடைக் காலத்தில் பெரோனெல் "ஒரு தடவை போட்டுப் பாத்துட்டுத் தரேன்டி" என்று கேட்டு, அந்த மோதிரத்தை வாங்கி, நூலை உருவிவிட்டுப் போட்டுக்கொண்டாள். அவளுக்கு அது அளவாக இருந்தது. "பாரேன், எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு!" என்று கையை நீட்டித் தந்தையாருக்கும் தியெரிக்கும் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். தியெரியும் சிரித்தார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிரித்திருக்கிறார், மரியாதைக்காக. அன்று சிரித்தது மரியாதைக்காக அல்ல. அந்தச் சிரிப்பை என் சித்தியும் பார்த்தார். மோதிரம் திரும்பி வந்தது, நூலை மறுபடி சுற்றிக்கொண்டேன். ஆனால் நடந்ததெல்லாம் அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான்.

6. இந்தக் குளிர்காலத்தில், மெழுகுதிரித் திருநாளுக்கு முந்தின நாள், எங்கள் கோட்டைச் சலவைக்காரி ஓடீனுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. அவள் மணமாகாதவள். தகப்பன் யார் என்று அவள் சொல்லவில்லை, யாரும் அழுத்திக் கேட்கவும் இல்லை. அன்று மாலை என் சித்தி என்னைத் தம் அறைக்கு அழைத்து, தம் பக்கத்தில் உட்காரவைத்தார். அதற்கு முன் அவர் என்னை அப்படி உட்காரவைத்ததில்லை. "ஏழைப் பிள்ளைக்கு ஞானத்தாயா நிக்கறது கோட்டைப் பொண்ணுங்க கடமைம்மா. உங்க அம்மா எத்தனை பிள்ளைங்களுக்கு நின்னிருக்காங்க! இந்தத் தடவை நீ நில்லு. பெரோனெல்லுக்கு இதெல்லாம் வராது, அவ விளையாட்டுப் பொண்ணு" என்றார்.

7. பெரோனெல்லை விட்டுவிட்டு என்னை ஒருவர் தேர்ந்தெடுத்தது அதுவே முதல் முறை. அன்றிரவு நான் உறங்கவில்லை. என் தாய்வழிப் பாட்டனாரின் பெயரான ஓபெர்ட் என்பதைப் பிள்ளைக்கு வைப்பதென முடிவு செய்தேன். சொல்லவேண்டிய பதில்களைப் போர்வைக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

8. எங்கள் பங்குக் கோயிலின் வழக்கம் தங்களுக்குத் தெரிந்ததே. சாமியார் கேட்கும் கேள்விகளுக்குப் பிள்ளைக்காக ஞானத்தாய் பதில் சொல்வாள். சாமியார் பிள்ளையைத் தொட்டித் தண்ணீரில் முக்கியெடுத்ததும், அவர் கையிலிருந்து பிள்ளையை ஏந்திக்கொள்பவளும் அவளே. பெயரை உரக்கச் சொல்பவளும் அவளே. பதில் சொல்லி, ஏந்தி, பெயரிட்டவளே ஞானத்தாய். அவளுக்கும் அப்பிள்ளையின் தகப்பனுக்கும் ஞான உறவு உண்டாகிறது. அதன்பின் அவ்விருவரும் மணந்துகொள்வதைத் திருச்சபை அனுமதிப்பதில்லை.

9. மறுநாள் பூசை முடிந்ததும் கோயிலில் கூட்டம் கலையவில்லை. சீமாட்டி வீட்டுப் பெண் சலவைக்காரி பிள்ளைக்கு நிற்கிறாள் என்று பார்க்க நின்றிருந்தார்கள். மருத்துவச்சி ரிஷில்ட் பிள்ளையைக் கொண்டுவந்தார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எங்கள் சாமியார் அருட்தந்தை ஃபுல்க், "சாத்தானை விட்டுவிடுகிறாயா?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மறுபடி கேட்டார். மறுபடியும் வரவில்லை. பின்னாலிருந்து யாரோ "சாத்தானைப் பிரிய மனசில்லை போல!" என்றார். கோயிலே சிரித்தது.

10. அப்போது என் பக்கத்தில் மெழுகுதிரி பிடித்துக்கொண்டிருந்த பெரோனெல், திரியை என் கையில் திணித்துவிட்டு, ஓரடி முன்னே வந்து, "விட்டுவிடுகிறேன்!" என்றாள். அடுத்த கேள்விக்கும் அவளே. "விசுவசிக்கிறாயா?" என்பதற்கு "விசுவசிக்கிறேன்!" என்று அவள் சொன்னது மணிக்கூண்டுவரை கேட்டிருக்கும். எல்லோரும் என்னைவிட்டு அவளைப் பார்த்தார்கள். அவளுக்கு வேண்டியது அதுதான். ஒரு கூட்டம் அவளைப் பாராமல் இன்னொருத்தியைப் பார்த்துக்கொண்டிருப்பதை அவளால் தாங்க முடியாது. பிறகு, சாமியார் பிள்ளையைத் தண்ணீரிலிருந்து எடுத்தபோது, நான் திரியைக் கீழே வைக்க இடம் தேடிக்கொண்டிருக்கையிலேயே, அவள் கைநீட்டி ஏந்திக்கொண்டாள். பிள்ளை வீரிட்டது. அவள் அதை உயர்த்திக் காட்டினாள். "பெயர்?" என்று சாமியார் கேட்டார். நான் இம்முறை "ஓபெர்ட்" என்றேன். மெய்யாகவே சொன்னேன், என் காதுக்குக் கேட்டது. பெரோனெல் அதே நேரத்தில், நெஞ்சில் எந்நேரமும் இருக்கும் பெயரை வாய் தவறிச் சொல்லுகிறவளைப்போல, "தியெரி!" என்றாள்.

11. கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. நான் என் சித்தியைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. பெரோனெல்லின் அசட்டுத்தனத்துக்காக வெட்கப்படுகிறார் என்று எண்ணிக்கொண்டேன். சாமியார் அந்தப் பெயரையே இட்டார். இன்று கோட்டையில் அடுப்படிமுதல் குதிரைலாயம்வரை அப்பிள்ளையைச் 'சின்ன தியெரி' என்றுதான் அழைக்கிறார்கள். எனக்கு நிச்சயிக்கப்பட்டவரின் பெயரை ஒரு சலவைக்காரியின் பிள்ளைக்கு நானே இட்டிருப்பேனா என்பதைத் தாங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

12. அடுத்த ஞாயிறன்று தியெரியும் அவருடைய தகப்பனாரும் விருந்துக்கு வந்தார்கள். பெரிய கூடத்தில் எல்லோரும் இருக்கையில், என் சித்தி தியெரியிடம், "ஓடீன் பிள்ளை விஷயத்தை இனி மறைச்சு என்ன ஆகப்போவுது தம்பி, சொல்லிடுங்க" என்றார். தியெரி காதுவரை சிவந்து, "ஆமா, அது என் பிள்ளைதான்" என்றார். முன்பே பேசிவைத்துக்கொண்டது போலிருந்தது. உடனே என் சித்தி இரு கைகளையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "அடக் கடவுளே! எர்மெசின்தானே அதுக்கு ஞானத்தாய்! அப்போ இவங்க ரெண்டு பேருக்கும் ஞான உறவாயிடுச்சே! பாவம் பொண்ணு, இனி எப்படிக் கல்யாணம் பண்றது?"

13. எனக்கு அப்போதுதான் விளங்கியது. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்ததும், என் தாயாரின் பெயரை எடுத்ததும் எதற்காக என்பது விளங்கியது. நான் அழுததாகச் சொல்கிறார்கள். எனக்கு நினைவில்லை. நினைவில் இருப்பது மருத்துவச்சி ரிஷில்ட்டின் குரல்தான். அவர் கூடத்தின் கடைசியில், நாய்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி, "இல்லீங்களேம்மா! எர்மெசினம்மா எங்க தூக்குனாங்க? அவங்க திரியைப் புடிச்சிக்கிட்டு முழிச்சிக்கிட்டுல்ல நின்னாங்க? வார்த்தை சொன்னதும் பெரோனெல்லம்மா, தூக்குனதும் பெரோனெல்லம்மா, பேரு வெச்சதும் பெரோனெல்லம்மா. ஊரே பாத்துச்சே!" என்றார்.

14. பெரோனெல் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவள் தாய் அவளிடம் எதையும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் ஊரெல்லாம் பரப்பிவிடுவாள் என்ற பயமாக இருக்கலாம். தன் தாய் எனக்காக விரித்த வலையில் தானே ஓடிப்போய் விழுந்திருப்பது அவளுக்கு அங்கே, எல்லோர் முன்னிலும், மெல்ல மெல்லப் புரிந்ததை நான் பார்த்தேன். அதைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி நல்ல கிறிஸ்தவப் பெண்ணுக்கு உகந்ததல்ல. அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி, அதற்கான தண்டனையை நிறைவேற்றிவிட்டேன்.

15. என் சித்தியோ, "கிழவிக்குக் கண்ணு மங்கிடுச்சு. நியமிச்சது யாரையோ அவதான் ஞானத்தாய். தூக்கிக் கொடுக்கறது உதவி, அவ்வளவுதான்" என்றார். மறுநாளிலிருந்து ரிஷில்ட் கோட்டைச் சமையலறைக்குள் வரக்கூடாதென்று உத்தரவாயிற்று. அருட்தந்தை ஃபுல்க் அவர்களுக்குப் புதிதாக ஒரு கம்பளி மேலங்கி வந்தது. அதன்பின் அவரிடம் கேட்டபோது, "தூபப் புகை கண்ணை மறைத்துவிட்டது" என்றார். ஞானஸ்நானத்தில் அன்று தூபம் போடவில்லை. ஓடீனும் பேறுகாலக் காய்ச்சலில் இறந்துவிட்டாள். பிள்ளை ஆலைக்காரர் மனைவியிடம் பால் குடிக்கிறது.

16. என் தந்தையாரிடம் முறையிட்டேன். இம்முறை பெரோனெல்லைக் கூப்பிடாமல் அவருடைய வலது காதருகே போய் நின்று சொன்னேன். பாதி கேட்டது. அவர் என் தலையைத் தடவி, "எந்தப் பொண்ணு போனா என்னம்மா, பாலம் நம்மகிட்ட இருக்கும்ல?" என்றார். அன்போடுதான் சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. வாழ்நாள் முழுதும் அந்த ஆற்றைக் கடப்பதற்காகவே போரிட்டவர். அவருக்குப் பாலம் ஒரு மகளைவிடத் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே ஆண்டவர் உயிர்த்தெழுந்த திருநாளுக்கு அடுத்த வாரம் தியெரிக்கும் பெரோனெல்லுக்கும் திருமணம் என்று முடிவாகியிருக்கிறது. என்னை மறுபடியும் மடத்துக்கு அனுப்புகிறார்கள், இம்முறை படிக்க அல்ல. என் தாயார் எனக்கென்று விட்டுப்போன லோவெல் கிராமமும் அவளுடன் சீதனமாகப் போகிறது.

17. சென்ற வியாழனன்று, நான் துணி மடித்துக்கொண்டிருந்த அறைக்குப் பெரோனெல் வந்தாள். அவள் அழுதிருந்தாள். அழுதாலும் அவள் மூக்கு சிவப்பதில்லை. அவள் கூறியதைக் கூறியபடியே எழுதுகிறேன்: "எர்மெசின், நான்தான் தூக்கினேன்னு நீ வேற யார்கிட்டயும் சொல்லாதடி. சத்தியமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்தப் பிள்ளைகிட்டயே போயிருக்க மாட்டேன். நீ தூக்கினதா ஒத்துக்கோ. உனக்கு என்னடி நஷ்டம்? அவரு உன்னைப் பார்த்தா கொட்டாவி விடறாரு. மடத்துல யாரும் உன்னைப் பேசச் சொல்ல மாட்டாங்க. உனக்கு அதுதானே பிடிக்கும்?"

18. நான் பதில் சொல்லவில்லை. அவள் சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் சொல்ல முடியவில்லை. போகும்போது அவள் என்னைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டு, "நீ நல்லவ, எனக்குத் தெரியும்" என்றாள். நான் சரி என்று சொல்லிவிட்டதாக எண்ணிக்கொண்டாள். கீழே போய்த் தன் தாயிடமும் அப்படியே சொல்லியிருக்கிறாள். என் வாயிலிருந்து வராத சொல்லை அவளே சொல்லிக்கொள்வது அவளுக்குப் பழகிப்போயிருக்கிறது. அவள் படியிறங்கும் ஓசை கேட்டுக்கொண்டிருக்கும்போதே இம்மனுவை எழுத முடிவு செய்தேன்.

19. ஆகவே தாங்கள் தயைகூர்ந்து,

மருத்துவச்சி ரிஷில்ட்டையும், ஞானத்தகப்பனாக நின்ற குதிரைலாயத் தலைவர் கோசெலினையும், அருட்தந்தை ஃபுல்க் அவர்களையும், புனிதர் எலும்பின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்யவைத்து விசாரிக்க வேண்டுகிறேன். இம்மனுவைக் கொண்டுவருபவர் ரிஷில்ட்டே. அவர் கண் மங்கியதா என்பதைத் தாங்களே ஊசியில் நூல் கோக்கச் சொல்லிப் பார்க்கலாம்.

பதில் சொல்லி, ஏந்தி, பெயரிட்ட பெரோனெல்லே ஞானத்தாய் என்றும், அவளுக்கும் தியெரிக்கும் திருமணம் ஆகாதென்றும், திருநாள் வாரத்துக்கு முன்பாகவே ஆணை அனுப்ப வேண்டுகிறேன். தெரியாமல் இத்திருமணம் நடந்துவிட்டால் அவள் ஆன்மாவுக்குக் கேடு. அந்த அக்கறை எனக்கு உண்டு. அதுவே முதல் அக்கறை என்று தங்களிடம் பொய் சொல்ல விரும்பவில்லை.

என் நிச்சயம் முறியவில்லை என்றும் அறிவிக்க வேண்டுகிறேன்.

20. தாங்கள் கேட்கக்கூடும்: 'உன்மேல் ஆசையில்லாத, வேறொருத்திக்குப் பிள்ளை தந்துவிட்டு, அதை மறைத்து உன்னைத் தொட்டியருகே நிற்கவிட்ட ஒருவன் உனக்கு எதற்கு, பெண்ணே?' இதை நானே என்னிடம் பலமுறை கேட்டுக்கொண்டேன். நிச்சயத்துக்குச் சம்மதமா என்று ஏழு வயதில் என்னை யாரும் கேட்கவில்லை. பருவம் வந்தபின் பெண்ணைக் கேட்க வேண்டும், அவள் வேண்டாமென்றால் விட்டுவிட வேண்டும் என்பது திருச்சபையின் சட்டம் என்று மடத்தில் படித்திருக்கிறேன். இன்றுவரை கேட்கவில்லை. இப்போது பெரோனெல் அவரைக் கொண்டுபோய்விட்டால், இனி யாரும் கேட்கவும் மாட்டார்கள். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்வதற்கு என்னிடம் எதுவுமே இருக்காது.

தியெரி என்னை விரும்பும்படி ஆணையிடத் தங்களை நான் கேட்கவில்லை. முதலில் அவரை எனக்குத் திருப்பித் தாருங்கள். அதன்பின் கோயில் வாசலில் வைத்து, சம்மதமா என்று என்னைக் கேட்கச் செய்யுங்கள். என்ன சொல்வேன் என்பது எனக்கே இன்னும் தெரியாது. ஆனால் அவரை வேண்டாமென்று தள்ளுவதாக இருந்தால், தள்ளியவள் நானாக இருக்க வேண்டும்.

இடம்: மொன்ரிவால் கோட்டை
நாள்: தவக்காலத்தின் நான்காம் ஞாயிறுக்கு மறுநாள்

தங்கள் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவள்,
எர்மெசின்
(என் கையாலேயே எழுதியது)